நூற்றில் ஐந்து பூக்கட்டும்

நூறு செடி நட்டால் தொண்ணூற்றைந்தை அறுத்துக்கொள். ஐந்தை மட்டும் பூக்க விடு. அந்த ஐந்தின் பூவில் வௌவால் தேன் குடிக்கும். மெக்சிகோவில் டெக்கீலாவும் மெஸ்காலும் காய்ச்சுகிறவர்களில் சிலர் இப்படியொரு ஒப்பந்தத்தில் இறங்கியிருக்கிறார்கள். வேலி போடவில்லை, காவலாள் வைக்கவில்லை, அரசாங்கத்தின் நிதிக்குக் காத்திருக்கவில்லை. வெட்ட வேண்டிய நாளில் சில செடிகளை வெட்டாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். அதை நேரில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. காட்டுயிரைக் காப்பாற்ற மனிதன் கண்டுபிடித்த வழிகளில் இதைவிட அழகானதை நான் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மிகைப்படுத்தவில்லை.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டெக்கீலா நீலக் கற்றாழையிலிருந்து வருவது. நாம் தலைக்குத் தேய்க்கும் சோற்றுக் கற்றாழை வேறு. வேலியோரத்தில் முள் நுனியோடு ஆளுயரம் நிற்குமே ஆனைக்கற்றாழை, அதுதான் இதற்கு நெருங்கிய சொந்தம். அந்த ஆனைக்கற்றாழையின் பூர்வீகமும் மெக்சிகோதான். ஹாலிஸ்கோ மாநிலத்தின் மேட்டுப்பகுதியில், அரந்தாஸ் ஊரைச் சுற்றி, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் மேலே, செக்கச்செவேல் என்ற மண்ணில் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் இந்தச் செடி வரிசை பிடித்து நிற்கிறது. பேருந்து ஜன்னலில் அந்தச் சிவப்பும் நீலமும் வந்துகொண்டே இருக்கின்றன, தீரவே இல்லை. டெக்கீலா என்ற ஊரை ஒட்டிய பழைய கற்றாழை வயல்களை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததில் எனக்கு வியப்பே இல்லை. அந்த நிலத்தைப் பார்த்தால் உங்களுக்கும் இருக்காது.

இந்தச் செடியின் வாழ்க்கை நம் வாழையின் வாழ்க்கைதான். ஒரே ஒரு தரம் பூத்துக் காய்க்கும், அத்தோடு உயிர் முடியும். அதற்குள் காலடியில் கன்றுகள் விட்டிருக்கும். வாழைக்கு ஓராண்டு என்றால் இதற்கு ஆறிலிருந்து எட்டு ஆண்டு. அத்தனை ஆண்டும் வெயிலைக் குடித்துக் குடித்து நடுத்தண்டில் சர்க்கரையைச் சேமிக்கும். நேரம் வந்ததும் நடுவிலிருந்து ஒரு பூந்தண்டு கிளம்பும். கியோட்டே என்பார்கள். வாரக்கணக்கில் அது ஏறிக்கொண்டே போய் ஐந்து மீட்டருக்கும் மேல் நிமிரும். சேமித்த சர்க்கரை முழுவதும் அந்தத் தண்டுக்கும் பூவுக்கும் செலவாகிவிடும்.

சாராயம் காய்ச்சுகிறவருக்கு அந்தச் சர்க்கரைதானே பிழைப்பு. அதனால் கியோட்டே தலைகாட்டியதுமே சீவிவிடுவார்கள். சர்க்கரை தண்டிலேயே தங்கும். பிறகு ஹிமடோர் எனப்படும் அறுவடைக்காரர் வருவார். நீண்ட கைப்பிடியில் வட்டத் தகடு பொருத்திய கோவா என்ற கருவியால் முள்ளிலைகளை ஒவ்வொன்றாகச் சீவித் தள்ளுவார். அவர் கால்விரலுக்கும் அந்தத் தகட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் நமக்குத்தான் நெஞ்சு பதறும். அவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சில நிமிடங்களில் முப்பது, நாற்பது கிலோ எடையுள்ள வெள்ளை உருண்டை ஒன்று மண்ணில் கிடக்கும். அதுதான் பீன்யா. அதை வேகவைத்து, நசுக்கி, சாற்றைப் புளிக்கவைத்து, இரண்டு தரம் வடித்தால் டெக்கீலா.

கணக்குப்படி எல்லாம் சரிதான். ஆனால் லட்சக்கணக்கான செடிகளில் ஒன்றுகூடப் பூக்கவில்லை என்றால், அந்தப் பூவை நம்பி வாழ்ந்தவர் எங்கே போவார்?

அவரை நான் ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தில் பார்த்தேன். வறண்ட பருவம். பகலில் வெயில் காய்ந்தாலும் பொழுது சாய்ந்ததும் மேட்டுநிலக் குளிர் காதைப் பிடித்தது. சரிவான நிலம் என்பதால் மேல்வரப்பில் நின்றால் கீழ்வரிசையின் பூங்கொத்துகள் கண்ணுக்கு நேராக வந்தன. தண்டின் இருபுறமும் கிளை பிரிந்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் பச்சையோடிய மஞ்சள் பூக்கள் வானம் பார்த்து நிற்கின்றன. பூவுக்கு ஆறு மகரந்தத் தாள், எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு. வெள்ளைத் துணி போர்த்திய ஒரு சிவப்பு விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. அளிந்த பழத்தின் வாசனை ஒன்று காற்றில் கனத்துக்கொண்டே வந்தது. பகலில் அது இல்லை. இருட்டிய பிறகுதான் பூ மணக்கத் தொடங்குகிறது, இருட்டிய பிறகுதான் தேனும் ஊறுகிறது. அருகிலிருந்த ஒரு பூவுக்குள் குனிந்து பார்த்தேன். விளிம்பு வரை தேன், விளக்கொளியில் மினுங்கியது.

“கொஞ்சம் பொறு மகளே, வந்துவிடுவார்கள்” என்றார் தோட்டத்துப் பெரியவர். விருந்தினரைச் சொல்வது மாதிரித்தான் சொன்னார்.

முதலில் ஒரு காற்று கன்னத்தில் பட்டது. சத்தம் இல்லை. அடுத்த கணம் பூங்கொத்தின் முன்னால் ஒன்று நின்றது. காற்றிலேயே நின்றது! முகத்தைப் பூவுக்குள் அழுத்தியது, எடுத்தது, போய்விட்டது. ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் மற்றொன்று. வட்டமடித்து வட்டமடித்து, முட்டிக்கொள்ளாமல், முறைவைத்து வருகின்றன. ஒரு கொத்தை முடித்ததும் கூட்டமாக அடுத்த செடி. மூக்கின் மேல் சின்ன இலை ஒன்று குத்திட்டு நிற்பது தெரிந்தது. தலையும் தோளும் மகரந்தம் அப்பி மஞ்சளாகிக் கிடந்தன. நான் வாய்விட்டுக் கத்தாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இருபது, இருபத்தைந்து கிராம் எடைதான் இருக்கும் இந்த உயிருக்கு. நீள்மூக்கு வௌவால் என்று சொல்லலாம். மெக்சிகோக்காரர்கள் கற்றாழையின் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். நீண்ட நாக்கு, நுனியில் மயிரிழை போன்ற நுண்ணிய நீட்சிகள். அதில் தேன் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உடம்பில் அப்பிய மகரந்தத்தையும் வீணாக்காது, ஓய்வாகத் தொங்கும்போது நக்கித் தின்னும். அதில்தான் அதற்குப் புரதம். இரவில் ஒரே மூச்சில் நூறு கிலோமீட்டர் வரை அலைந்து இரைதேடித் திரும்பும் என்று ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கற்றாழைப் பூவும் இதற்கென்றே தன்னை அமைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பூவில் முதலில் மகரந்தம் முதிரும். அது உதிர்ந்த பிறகுதான் சூல்தண்டு நீண்டு மகரந்தம் ஏற்கத் தயாராகும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காமல் தூரத்துச் செடியின் மகரந்தத்துக்குக் காத்திருக்கும் ஏற்பாடு அது. அதைக் கொண்டுவந்து சேர்க்க இரவில் பறக்கும் ஒருவர் வேண்டும். தொலைவு போகிறவராக இருக்க வேண்டும். வௌவாலைவிட்டால் யார்?

இந்த வௌவால்களின் பயணத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கருவுற்ற பெண் வௌவால்கள் வசந்தம் தொடங்கும்போது மேற்கு மெக்சிகோவிலிருந்து வடக்கே கிளம்புகின்றன. சோனோரா பாலைவனம் வரை, அதைத் தாண்டி அமெரிக்காவின் அரிசோனா வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வழி நெடுக ஒன்றன்பின் ஒன்றாகத் தூண் கள்ளிகள் பூத்து வருகின்றன. பூ வடக்கே நகர நகர வௌவாலும் நகர்கிறது. சோனோராவின் எரிமலைக்குழம்புக் குகைகளில் லட்சக்கணக்கில் கூடி, ஆளுக்கு ஒரே ஒரு குட்டி ஈன்று வளர்க்கின்றன. கோடை முடிவில் கற்றாழை பூக்கும் மலைகளுக்குப் பரவி, பிறகு தெற்கே திரும்புகின்றன. இந்த நீண்ட பாதையில் ஓரிடத்தில் பூ இல்லாமல் போனால், நடுவழியில் சோறு இல்லை. தேசிய எல்லையோ வேலியோ அதற்குத் தெரியாது, பூ தெரியும்.

இதற்கு ஓர் அக்காவும் உண்டு. பெரிய நீள்மூக்கு வௌவால். எண்ணிக்கையில் மிகக் குறைவு, இன்றும் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். மொரேலோஸ் மாநிலத்தில் தெபோஸ்த்லான் ஊருக்கு மேலே மலையில் ஒரு குகை இருக்கிறது. குளிர்காலத்தில் இவை இணைசேரக் கூடும் முக்கியமான குகை அது. அங்கிருந்து கற்றாழைப் பூக்களைப் பின்தொடர்ந்து டெக்சஸ் மலைகள் வரை போகும். கள்ளியும் கற்றாழையும் சேர்ந்து தங்கையைத் தாங்குகின்றன என்றால், இந்த அக்கா வடக்கே கற்றாழையையே பெரிதும் நம்பியிருக்கிறாள். அதனால்தான் எல்லையின் இருபக்கமும் பேட் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்பும் உள்ளூர் மக்களும் சேர்ந்து காட்டுக் கற்றாழையை நட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இவ்வளவு அருமையான உயிரை மனிதர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குகையோடு வைத்து எரித்தார்கள். வெடிவைத்தும் தகர்த்தார்கள். காரணம் பயம். ரத்தம் குடிக்கும் வௌவால் வகைகள் உலகில் மூன்றே மூன்று, மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில்தான். அதில் ஒன்று மாடுகளைக் கடித்து வெறிநோயைப் பரப்பும். மாடு வளர்க்கிறவர்களின் பயம் நியாயமானதுதான். ஆனால் மெக்சிகோவில் ஏறத்தாழ 140 வகை வௌவால்கள் இருக்கின்றன. தீக்கும் வெடிக்கும் அந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? தேன் குடிக்கிறது, பழம் தின்கிறது, பூச்சி பிடிக்கிறது எல்லாம் சேர்ந்து செத்தன. 1988-இல் அமெரிக்கா நீள்மூக்கு வௌவாலை அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தபோது, அறிந்த 14 இருப்பிடங்களிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

இங்கேதான் என் நாயகர் வருகிறார். ரொத்ரிகோ மெதெயீன். மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர். சிறுவனாக இருந்தபோதே தொலைக்காட்சி வினாடி வினாவில் பாலூட்டிகளைப் பற்றிப் பதில் சொல்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் கவனத்தைப் பெற்றவர். 1994-இல் மெக்சிகோவின் வௌவால்களைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கினார். குகைகளைத் தேடிப் பிடித்துக் காபந்து செய்தார். குகைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேசினார்கள். இங்கிலாந்தின் விட்லி விருது 2004-இல் வந்தது, 2012-இல் அதன் தங்க விருதும் வந்தது. அவர் வௌவாலைக் கையில் ஏந்திப் பேசும் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தயவுசெய்து ஒன்றையாவது பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் உங்களுக்கு வௌவால் பிடித்துப் போயிருக்கும்.

குகையை மட்டும் காத்தால் போதாது, சோறும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 1990-களிலேயே டெக்கீலாக்காரர்களிடம் போய்ச் சில செடிகளைப் பூக்க விடும்படி கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் வயல்களைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வாட்டியெடுத்தன. ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? எல்லாச் செடியும் ஒரே செடி என்பதால்தான். தலைமுறை தலைமுறையாகக் காலடிக் கன்றையே பெயர்த்து நட்டுவந்தார்கள். கன்று என்பது தாயின் அச்சு அசல் நகல். ஒன்றைத் தாக்கிய நோய் கோடியையும் தாக்கும். பூத்து, மகரந்தம் கலந்து, விதை விழுந்திருந்தால் பலவகைக் குணங்கள் கலந்திருக்கும். ஏதோ ஒன்றாவது நோயைத் தாங்கியிருக்கும்.

ஆக, வௌவாலுக்குப் பூவை மறுத்தவர்கள் தங்கள் பயிருக்கே எதிர்காலத்தை மறுத்திருக்கிறார்கள். இந்தக் கதையில் என்னை அடியோடு ஆட்டிவைத்த இடம் இதுதான். இது தானம் இல்லை, தர்மம் இல்லை, பாவம் பார்த்துப் போடும் பிச்சையும் இல்லை. இரண்டு பக்கமும் பிழைக்க வேண்டுமென்றால் இதைத் தவிர வழியே இல்லை.

அந்தப் புரிதல் உள்ளவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உணவகம் நடத்தும் டேவிட் சூரோ, ஹாலிஸ்கோ மண்ணின் மைந்தர். டெக்கீலாவின் பாரம்பரியம் கெடாமல் இருக்க டெக்கீலா இன்டர்சேஞ்ச் புராஜெக்ட் என்ற அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். கார்லோஸ் கமரேனா, அரந்தாஸில் 1937-இல் அவருடைய தாத்தா தொடங்கிய லா ஆல்தேன்யா ஆலையில் டெக்கீலா காய்ச்சுகிறவர். இவர்களும் மெதெயீனும் கைகோத்தார்கள். ஒரு ஹெக்டேரில் நூற்றுக்கு ஐந்து செடியையாவது பூக்க விட வேண்டும் என்பது விதி. பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் வயலுக்கே வந்து சரிபார்ப்பார்கள். தேறினால் புட்டியில் வௌவால் முத்திரை ஒட்டலாம். 2016-இல் முதல் சுற்று வெளிவந்தது, ஏறத்தாழ 3 லட்சம் புட்டிகள். டெக்கீலா ஓச்சோ, தபதியோ, சியம்ப்ரா அசூல், சியம்ப்ரா வாயேஸ், மெஸ்காலில் தோன் மத்தேயோ தெ லா சியர்ரா ஆகிய பெயர்கள் அந்த முன்னோடி வரிசையில் வருபவை.

ஐந்து சதவீதம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். விவசாயியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஏழு வருஷம் களை பறித்து, உரம் போட்டு, நோய் பார்த்து வளர்த்த செடி. இன்று அறுத்தால் காசு. அதைத்தான் விடுகிறார். கற்றாழை விலை உச்சத்துக்கு ஏறும் ஆண்டுகளில் முதிராத செடியைக்கூட அறுத்து விற்கும் சந்தை அது. அப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு நெஞ்சுரம் வேண்டும். எங்களைக் கூட்டிப்போன பெரியவரிடம் கேட்டேன், மனசுக்குக் கஷ்டமாக இல்லையா என்று. “என் தாத்தா காலத்தில் வரப்போரச் செடி எல்லாம் பூக்கும். நாங்கள்தான் நடுவில் நிறுத்தினோம். பூவில்லாத வயல் வயலா மகளே?” என்றார். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. ஒற்றிக்கொண்டேன்.

அங்கிருந்து மிச்சோவாகான் மாநிலத்து மலைக்குப் போனேன். டெக்கீலாவின் அண்ணன் மெஸ்காலைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். டெக்கீலாவுக்கு நீலக் கற்றாழை ஒன்றுதான். மெஸ்காலுக்கோ பல வகைக் கற்றாழை. இந்த மலைகளில் குப்ரியாத்தா என்று ஒரு வகை இருக்கிறது. அகன்ற பச்சை இலை, விளிம்பில் செம்பு நிறத்தில் வளைந்த முள். இது கன்றே விடாது! விதை ஒன்றுதான் இதற்கு வழி. பூக்கவில்லை என்றால் விதை இல்லை, விதை இல்லை என்றால் அடுத்த தலைமுறை இல்லை, மெஸ்காலும் இல்லை. நீலக் கற்றாழைக்காரர் வௌவாலை மறந்து கொஞ்சகாலம் ஓட்டிவிடலாம். குப்ரியாத்தாக்காரருக்கு அந்தச் சொகுசு கிடையாது.

அதனால் அங்கே பூத்த செடியைப் பிள்ளைத்தாச்சியைப் பார்ப்பது மாதிரிப் பார்க்கிறார்கள். காய்ந்த காயை உடைத்து ஓர் அம்மாள் என் உள்ளங்கையில் தட்டினார். மெல்லிய தகடு மாதிரி விதைகள், கறுப்பும் வெள்ளையும் கலந்து. கறுப்புதான் முளைக்கும், வெள்ளை பொக்கு என்று ஊதிக் காட்டினார். வெள்ளை பறந்தது, கறுப்பு உள்ளங்கையில் தங்கியது. கறுப்பு நிறைய இருந்தால் அந்த வருஷம் பறந்து வந்தவர்கள் நன்றாக வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். பக்கத்தில் நாற்றங்கால். விரல் நீளத்துக்கு நாற்றுகள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்று அகலம், ஒன்று ஒல்லி, ஒன்றுக்கு முள் சிவப்பு, ஒன்றுக்கு மஞ்சள். நகல்களின் வயலைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்த நாற்றங்கால் திருவிழாவாக இருந்தது.

மெஸ்கால் காய்ச்சும் விதம் தனி. தரையில் குழி வெட்டி, விறகெரித்துக் கல்லைப் பழுக்கவைத்து, அதன்மேல் கற்றாழைத் துண்டங்களை அடுக்கி, மண்போட்டு மூடி நாள்கணக்கில் வேகவிடுகிறார்கள். திறக்கும்போது வருகிற வாசனை இருக்கிறதே! கருகலும் இனிப்பும் புகையும் கலந்து மலை முழுக்க மணக்கிறது. வெந்த துண்டைப் பிய்த்துத் தந்தார்கள். வாயில் போட்டு மென்றால் சர்க்கரைப் பாகு. சாறு தீர்ந்ததும் நாரைத் துப்பிவிட வேண்டும். குழந்தைகளும் சுற்றி நின்று மென்றுகொண்டிருந்தார்கள்.

குடித்தும் பார்த்தேன். அதை மறைப்பானேன்? வௌவால் முத்திரை ஒட்டிய, மரப்பீப்பாயில் வைக்காத வெள்ளை டெக்கீலா ஒரு சிறு கோப்பை. உப்பு, எலுமிச்சை எதுவும் வேண்டாம், மெதுவாகக் குடி என்றார்கள். முதலில் வெந்த கற்றாழையின் இனிப்பு. பின்னாலேயே மிளகுக் காரம். அப்புறம் நாரத்தைத் தோல் மணம் ஒன்று வந்து தொண்டைக்குள் நெடுநேரம் நின்றது. வௌவாலால் சுவை கூடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பூவுக்காக ஏழு வருஷம் பொறுக்கிறவர், செடி முதிரவும் பொறுப்பார், செங்கல் அடுப்பில் நிதானமாக வேகவும் விடுவார், குறுக்குவழி தேடமாட்டார். டெக்கீலா ஓச்சோ தன் புட்டியில் கற்றாழை எந்த வயலில் எந்த ஆண்டு விளைந்தது என்றே அச்சடிக்கிறது. அந்த நிதானம் கோப்பையில் தெரிகிறது. குடிப்பழக்கம் இல்லாதவர்களும் என்னோடு சேர்ந்து இதைக் கொண்டாடலாம், ஏனென்றால் கொண்டாட வேண்டியது வயலில் இருக்கிறது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். 1988-இல் ஆயிரத்துக்குக் கீழே என்று மதிப்பிட்ட நீள்மூக்கு வௌவால்கள் 2018-இல் 75 இருப்பிடங்களில் ஏறத்தாழ 2 லட்சம். அந்த ஏப்ரலில் அமெரிக்கா இதை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. மீண்டு வந்ததால் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிய முதல் வௌவால் இதுதான்! மெக்சிகோ அதற்கு முன்பே தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்தப் பெருமையில் பெரும்பங்கு குகைகளைக் காத்தவர்களுக்கும், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பேசியவர்களுக்கும், இரவிரவாக எண்ணியவர்களுக்கும் உரியது. தென் அரிசோனாவில் வீட்டுக்காரர்கள் தேன்சிட்டுக்காகத் தொங்கவிடும் சர்க்கரைத்தண்ணீர்க் குடுவையில் காலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் குறித்துக் கொடுத்தார்கள். இரவில் வந்து குடித்துப்போனது யார் என்பது அந்தக் குறிப்புகளில் தெரிந்தது. சாதாரண மக்கள் செய்த வேலை இது. மீண்டு வந்த வௌவால் மறுபடி பசியில் விழாமல் இருக்கவும், அக்கா வௌவால் எழுந்து நிற்கவும், கற்றாழை இனமே பிழைக்கவும் இனி வேண்டியது பூ.

அதனால்தான் இவ்வளவு ஆவேசமாக எழுதுகிறேன். 2023-இல் மட்டும் மெக்சிகோ ஏறத்தாழ 60 கோடி லிட்டர் டெக்கீலா காய்ச்சியிருக்கிறது. அதன் பக்கத்தில் வௌவால் முத்திரைப் புட்டிகள் எம்மாத்திரம்! பெரிய ஆலைகள் மனம் வைத்தால் ஹாலிஸ்கோ முழுவதும் இரவு மணக்கும். அவர்களை மனம்வைக்கச் செய்கிறவர் வாங்குகிறவர்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற நம்மவர்கள் கடைக்குப் போனால் ஒரு வார்த்தை கேளுங்கள்: இது வௌவாலுக்குப் பூ விட்ட வயலில் விளைந்ததா? கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது ஆள் கேட்டதும் அவர் விசாரிப்பார், மூன்றாவது ஆள் கேட்டதும் வாங்கி வைப்பார். டேவிட் சூரோவும் தாவரவியல் எழுத்தாளர் கேரி நப்ஹானும் சேர்ந்து 2023-இல் கற்றாழைச் சாராயங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் தேடிப் படியுங்கள், இந்தச் செடிக்கும் வௌவாலுக்கும் உள்ள உறவு அதில் விரிவாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. நம் இலுப்பைப் பூவைத் தேடி இரவில் வருவது பழந்தின்னி வௌவால்தான். அது மெக்சிகோ வௌவாலுக்கு உறவு இல்லை, வேறு குடும்பம்; ஆனால் பூவுக்கும் மரத்துக்கும் செய்கிற ஊழியம் அதேதான். கோயில் மரத்தில் தொங்கும் கூட்டத்தைக் கல்லெறிந்து விரட்டுகிறவர் உங்கள் ஊரில் இருந்தால், மெக்சிகோவில் ஒரு விவசாயி வௌவாலுக்காகத் தன் விளைச்சலில் பங்கு ஒதுக்குகிறார் என்று அவரிடம் சொல்லுங்கள். சண்டையாகச் சொல்லாதீர்கள், கதையாகச் சொல்லுங்கள்; மெதெயீன் பள்ளிப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லித்தான் குகைகளைக் காப்பாற்றினார். அந்த விவசாயிகளுக்கு வியாபாரம் பெருகட்டும், அவர்கள் பிள்ளைகளும் இதையே செய்யட்டும், பக்கத்து வயல்காரரும் அவர்களைப் பார்த்துத் தன் கோவாவைக் கொஞ்சம் கீழே வைக்கட்டும். என்னைக் கேட்டால், இந்தக் காலத்தில் ஒரு நிலத்தில் நடந்த மிக நல்ல காரியம் இது.